ரோபோ எடுத்து வைக்கும் அடி யாருடைய அடி?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான காணொலிகள் அவ்வப்போது வந்து விழுகின்றன. சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இடுப்பில் கச்சை, தொடையிலும் கெண்டைக்காலிலும் உலோகச் சட்டம். பொத்தானை அழுத்தியதும் கால்கள் நடக்கின்றன. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள், சிலர் அழுகிறார்கள். காணொலிக்குக் கீழே கேள்விகள் வரிசை கட்டுகின்றன. பக்கவாதத்தில் விழுந்த தாத்தாவுக்கு இது ஆகுமா? மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு பணம் தருமா? சென்னைக்கு அழைத்துப் போனால் செலவு குறையுமா?

காணொலியில் பொய் ஏதும் இருப்பதில்லை. இயந்திரம் கால்களை நகர்த்துகிறது, அது உண்மைதான். சட்டத்தைக் கழற்றிய பிறகு அந்தக் கால்கள் என்ன செய்தன என்பதை மட்டும் யாரும் படம் பிடிப்பதில்லை. குடும்பம் முடிவெடுக்க வேண்டியதோ அதை வைத்துத்தான். அதற்கு நடை என்றால் என்ன, சமநிலை என்றால் என்ன, இழந்த நடையை மூளை எப்படி மீட்கிறது என்று அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நடை: விழத் தொடங்குவதும் தாங்கிக்கொள்வதும்

ஒரு குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரை ஒரு நடைச் சுற்று. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கும்; மிச்சம் 40 விழுக்காடு காற்றில் வீசப்படும். ஒரு கால் காற்றில் இருக்கும்போது உடலின் முழு எடையையும் மற்றக் கால் தனியாகச் சுமக்கிறது. உடல் முன்னே சரிகிறது. விழுவதற்குள் வீசிய கால் வந்து தாங்குகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இதைச் செய்துகொண்டே பேசுகிறோம், பை தூக்குகிறோம், தெருவைக் கடக்கிறோம்.

சமநிலை இதற்கு அடியில் ஓடும் கணக்கு. நிமிர்ந்து நிற்கும்போது உடலின் எடைமையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே உடலுக்குள் இருக்கிறது. இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் சேர்ந்தது தாங்குதளம். எடைமையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது தாங்குதளத்துக்குள் விழ வேண்டும். வெளியே போனால் கணுக்காலால் சரிசெய்கிறோம். அது போதாதபோது இடுப்பை வளைக்கிறோம். அதுவும் போதாதபோது ஓர் அடி எடுத்து வைக்கிறோம். மூன்றும் தவறினால் தரை.

தைப்பூசத்தில் காவடி எடுப்பவரைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். காவடி தோளில் ஏறியதும் எடைமையம் மேலே போய்விடுகிறது. எடுப்பவர் கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, சிறு சிறு அடிகளாக வைக்கத் தொடங்குகிறார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை. மூளை கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

அந்தக் கணக்குக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வர வேண்டும்: கண், உட்காது, உள்ளங்காலிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகள். மூன்றில் ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் ஈடுகொடுக்கும். இரண்டு கெட்டால் ஆபத்து. தென்னாப்பிரிக்க மக்கள் பிரிவுகளில் சர்க்கரை நோய் மிக அதிகமாக இருப்பது இந்திய வம்சாவளியினரிடம் என்பதால் நம் வீடுகளில் இது முக்கியமாகிறது. பல ஆண்டுச் சர்க்கரை உள்ளங்கால் நரம்புகளை மரக்கச் செய்கிறது. அப்படிப்பட்டவர் கண்ணை நம்பியே நிற்கிறார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவுடன் குளியலறையில் தடுமாறுகிறார். அவருக்கே பக்கவாதமும் வந்தால் கணக்குப் போடும் மூளை ஒரு பக்கம், செய்தி அனுப்பும் பாதம் மறுபக்கம் என இரண்டு இடத்தில் பழுது. நடைப்பயிற்சி ரோபோ இவற்றில் எதைத் தொடுகிறது என்பதை இனிப் பார்க்கலாம்.

மூளை மீண்டும் கற்பது எண்ணிக்கையால்

பக்கவாதத்தில் இறந்துபோன மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. அருகிலுள்ள பகுதிகளும் எதிர்ப்பக்கத்துப் பகுதிகளும் அந்த வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளக் கற்கின்றன. முதல் மூன்று மாதங்களில் இந்தக் கற்றல் வேகமாக நடக்கிறது. பிறகு மெல்லத் தொடர்கிறது. கற்க வைப்பது பயிற்சிதான், அதுவும் எந்தச் செயல் வேண்டுமோ அந்தச் செயலே. படுக்கையில் காலை மடக்கி நீட்டினால் காலை மடக்கி நீட்டுவதில் தேறலாம். நடக்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும், அதுவும் நிறைய.

நடையின் தாளத்தில் ஒரு பகுதி மூளைக்கும் கீழே, தண்டுவடத்திலேயே உண்டாகிறது என்பது நூறாண்டுக்கு மேல் பழைய செய்தி. பூனைகளைக் கொண்டு 1911இல் உடலியல் ஆய்வாளர் கிரஹாம் பிரௌன் அதைக் காட்டினார். 1980களில் தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் நிறுத்தி, எடையைத் தாங்கிப் பயிற்சி கொடுத்தபோது பின்னங்கால்கள் மீண்டும் அடியெடுத்து வைத்தன. மனிதர்களிடமும் அதே முறை முயலப்பட்டது. மேலே கச்சையில் தொங்கவிட்டு எடையில் ஒரு பகுதியைக் குறைப்பது. கீழே டிரெட்மில் ஓட, இரு பக்கமும் குந்திய பிசியோதெரபிஸ்டுகள் கால்களைக் கையால் தூக்கித் தூக்கி வைப்பது.

சிக்கல் அங்கேதான் வந்தது. எழுபது, எண்பது கிலோ மனிதரின் விறைத்த காலைக் குனிந்தபடி தூக்கிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தூக்குபவரின் முதுகு கெஞ்சும். நோயாளிக்குத் தெம்பு மிச்சமிருக்கும்போதே பயிற்சி நின்றுவிடும். வழக்கமான சிகிச்சையில் எத்தனை அடிகள் நடக்கின்றன என்று வட அமெரிக்காவில் ஏழு மையங்களில் உட்கார்ந்து எண்ணிய ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஓர் அமர்வுக்குச் சராசரியாக 357 அடி. வீட்டின் கூடத்துக்கும் சமையலறைக்கும் சில தடவை போய்வருவதற்கே அது சரியாகப் போய்விடும். ரோபோவோ இருபது, முப்பது நிமிடத்தில் ஆயிரம் அடியை அநாயாசமாக எட்டுகிறது. இந்த இயந்திரம் பிறந்ததற்கு நோயாளியின் கால் பாதிக் காரணம் என்றால், சிகிச்சையாளரின் முதுகு மீதிப் பாதி.

நான்கு வகை இயந்திரங்கள்

“ரோபோ” என்ற ஒரே சொல்லுக்குள் வேலையில் வேறுபட்ட நான்கு பொருள்களைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

1. டிரெட்மில்லோடு கூடிய கால் சட்டம். நோயாளி கச்சையில் தொங்குவார்; இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் கால்களை நடைவடிவில் அசைக்கும். சூரிச் நகரின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் உருவான லோகோமாட் இதில் மிகப் புகழ்பெற்றது.

2. பாதத்தட்டு இயந்திரம். பாதங்களை இரண்டு தட்டுகளில் கட்டுவார்கள். தட்டுகள் நடையின் பாதையில் சுழலும். முழங்காலையும் இடுப்பையும் இயந்திரம் பிடிப்பதில்லை, அவற்றை நோயாளியே கட்டுப்படுத்த வேண்டும். பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸேயின் குழு செய்த கெயிட் டிரெய்னர் இந்த வகை.

3. அணிந்துகொண்டு தரையில் நடக்கும் வெளிச்சட்டம். ரீவாக், எக்ஸோ, ஜப்பானின் ஹால் ஆகியவை. ரீவாக் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்காகச் செய்யப்பட்டது. 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை வீட்டில் பயன்படுத்தவும் அனுமதித்தது. ஊன்றுகோல் இரண்டும் வேண்டும். ஹால் வேறு மாதிரி: தோலின் மேல் ஒட்டிய உணரிகள் தசைக்கு வரும் மெல்லிய மின்குறிப்பைப் படிக்கும்; அணிந்தவர் நகர்த்த முயலும்போதுதான் மோட்டார் துணைக்கு வரும்.

4. சமநிலைக்கான கருவிகள். கூரைத் தண்டவாளத்தில் ஓடும் கச்சை நோயாளியைத் தரையில் தன் காலாலேயே நடக்க விடும். விழப்போனால் மட்டும் பிடிக்கும். திடீரென அசைந்து தடுமாற வைக்கும் மேடைகளும் டிரெட்மில்களும் இதில் சேரும். பார்க்க அவ்வளவு வியப்பாக இருக்காது; வாட்ஸ்அப்பிலும் வராது. விழாமல் வாழ்வதற்கு நெருக்கமான பயிற்சி தருவது இதுதான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது வகையைப் பற்றி ஒரு பிரிவினை அவசியம். தண்டுவடம் முழுதாக அறுந்தவருக்கு வெளிச்சட்டம் மூக்குக்கண்ணாடி போல: அணிந்திருக்கும் வரை வேலை செய்யும், கழற்றினால் பழைய நிலை. பக்கவாத நோயாளிக்கு அதே சட்டம் பள்ளிக்கூடம் போல: சில வாரம் போய், கற்றுக்கொண்டு, விட்டுவிட வேண்டியது. காணொலியைப் பார்க்கும்போது அதில் இருப்பவர் யார், எதற்காக அணிந்திருக்கிறார் என்று தெரியாவிட்டால் ஒன்றும் தெரியாது.

நடைவண்டியில் குழந்தையை உட்கார வைத்து இழுத்தால்

நம் ஊர்களில் குழந்தை நடை பழக மரத்தில் மூன்று சக்கர நடைவண்டி செய்து கொடுப்பார்கள். குழந்தை அதைப் பிடித்துத் தள்ளும், வண்டி சற்றே முந்தி ஓடும், குழந்தை எட்டிப் பிடிக்கும். அந்த ஓட்டப் பிடியில்தான் கால் கற்கிறது. அதே வண்டியில் குழந்தையை ஏற்றி உட்கார வைத்து நாம் இழுத்தால் தூரம் நிறையப் போகும். குழந்தை நடக்கக் கற்காது.

ரோபோவின் முதன்மைச் சிக்கல் இதுவேதான். இயந்திரம் முழு வலிமையோடு காலை நகர்த்தினால் நோயாளியின் தசைகள் ஓய்வெடுக்கத் தொடங்கும். இது சோம்பல் ஆகாது. தேவையில்லாத சக்தியைச் செலவழிக்காமல் இருப்பது உடலின் இயல்பு. தண்டுவடப் பாதிப்புக்குப் பின் ஓரளவு அசைவு மிஞ்சியிருந்தவர்களிடம் 2006இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தது: சிகிச்சையாளர் கைப்பிடியில் நடந்தபோது செலவான சக்தியைவிட ரோபோவில் நடந்தபோது செலவானது குறைவு. “முழு முயற்சியோடு நடங்கள்” என்று சொன்னபோது அந்த இடைவெளி சுருங்கியது. ஆக, இயந்திரம் மட்டும் ஒன்றையும் தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார், திரையில் என்ன காட்டுகிறார், உதவியை எந்த வேகத்தில் குறைக்கிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இதனால் இன்றைய இயந்திரங்களில் துணை வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். முதல் வாரம் கால் முழுவதையும் இயந்திரம் தூக்கலாம். அடுத்தடுத்த வாரங்களில் பாதி, கால் பங்கு என்று இறக்க வேண்டும். எடைதாங்கும் கச்சைக்கும் இதே விதி. ஆறு வாரத்துக்குப் பிறகும் அதே எடைத்தாங்கல், அதே துணை, அதே வேகம் என்றால் அங்கே பயிற்சி நடக்கவில்லை, சவாரி நடக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம். முதல் வகைச் சட்டங்களில் பலவற்றில் இடுப்பெலும்பு அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும். நாம் நடக்கும்போது இடுப்பு பக்கவாட்டில் ஆடுகிறது. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதே அந்த ஆட்டம். அதைப் பூட்டிவிட்டால் கால்கள் நடையைப் பழகும், உடல் சமநிலையைப் பழகாது. ஆயிரம் அடி நடந்தவர் இறங்கியதும் தள்ளாடுவதற்கு இதுவும் காரணம். பின்னால் வந்த சில மாதிரிகளில் இடுப்புக்குப் பக்கவாட்டு அசைவு கொடுத்திருக்கிறார்கள்.

ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன

“ரோபோவால் பயன் உண்டு” என்றும் “கைச்சிகிச்சையே மேல்” என்றும் இரண்டு செய்தியும் வரும். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. முடிச்சு, யாரிடம் சோதித்தார்கள் என்பதில்.

ஜெர்மனியில் பல மையங்களில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வு, பக்கவாதம் வந்து அதிக நாளாகாத, துணையின்றி நடக்கவே முடியாத 155 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு குழுவுக்கு 20 நிமிடம் பாதத்தட்டு இயந்திரம், 25 நிமிடம் பிசியோதெரபி. மற்றக் குழுவுக்கு 45 நிமிடமும் பிசியோதெரபி. வார நாள்களில் தினமும், நான்கு வாரம். முடிவில் தனியே நடந்தவர்கள் முதல் குழுவில் 77 பேரில் 41, இரண்டாவதில் 78 பேரில் 17. ஆறு மாதம் கழித்தும் வேறுபாடு நிலைத்தது: 54க்கு 28. இயந்திரக் குழுவினருக்கும் பாதிக்கு மேற்பட்ட நேரம் மனிதக் கைதான் கிடைத்தது என்பதை விற்பனைத் தாள்கள் பெரிதாக அச்சிடுவதில்லை.

அமெரிக்காவில் 2008, 2009 ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகள் எதிர்த்திசையில் போயின. அங்கே சேர்க்கப்பட்டவர்கள் ஓரளவாவது நடக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடம் லோகோமாட்டைவிடச் சிகிச்சையாளர் துணையோடு நடந்தவர்களே வேகத்தில் அதிகம் முன்னேறினார்கள். தானே கொஞ்சம் நடக்க முடிந்தவரைச் சட்டத்தில் பூட்டுவது நடைவண்டியில் உட்கார வைப்பது போலத்தானே.

இவற்றோடு இன்னும் பல ஆய்வுகளையும் திரட்டிக் காக்ரேன் அமைப்பு 2020இல் தன் மதிப்பாய்வைப் புதுப்பித்தது: 62 ஆய்வுகள், 2,440 பேர். பிசியோதெரபியோடு இயந்திரப் பயிற்சியும் சேர்ந்தால் தனியே நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களும் நடக்கவே முடியாதவர்களும் அதிகப் பயன் பெறுகிறார்கள். எட்டுப் பேருக்கு இந்தக் கூட்டுப் பயிற்சி கொடுத்தால் ஒருவர் கூடுதலாகத் தனியே நடப்பார் என்பது அதன் கணக்கு. மற்ற ஏழு பேரில் சிலர் இயந்திரம் இல்லாமலேயே நடந்திருப்பார்கள். சிலர் இயந்திரம் இருந்தும் நடக்கமாட்டார்கள். எட்டில் ஒன்று என்பது மருத்துவத்தில் அலட்சியப்படுத்தும் எண் அல்ல. ஆனால் கைதட்டல் காணொலி தரும் நம்பிக்கைக்கும் அந்த எண்ணுக்கும் தூரம் அதிகம்.

ரோபோ இல்லாத ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. அமெரிக்காவில் 408 பக்கவாத நோயாளிகள். சிலருக்குக் கச்சையும் டிரெட்மில்லும்; சிலருக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்து படிப்படியாகக் கூட்டும் தசைவலிமை, சமநிலைப் பயிற்சி. ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் சமம். எல்லோரிலும் பாதிக்குச் சற்று மேல், 52 விழுக்காட்டினர், நடையில் ஒரு படி முன்னேறியிருந்தார்கள். அந்த டிரெட்மில்லில் ரோபோ இல்லை என்பதால் இதை நேராக ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும், ஒழுங்காகக் கூட்டிக்கொண்டே போகும் வீட்டுப் பயிற்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்கு இது போதும்.

யாருக்கு ஆகாது

முறிந்த எலும்பு இன்னும் ஒட்டாதவர், எலும்பு மிகவும் தேய்ந்து மெலிந்தவர், படுக்கைப்புண் உள்ளவர், மூட்டு இறுகி மடங்காதவர், கால் நாளத்தில் ரத்தக்கட்டு உள்ளவர், இதயம் நிலைப்படாதவர் ஆகியோரை இதில் ஏற்றுவதில்லை. உடல் எடைக்கும் உயரத்துக்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வரம்பு உண்டு. லோகோமாட்டுக்கு 135 கிலோ. நீண்ட நாள் படுத்தே இருந்தவரைத் திடீரென நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மரத்துப்போன காலில் பட்டை உராய்ந்தால் வலிக்காது. வலிக்காததால் சொல்லமாட்டார். இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் தெரியும். அந்தக் கொப்புளம் புண்ணாகி ஆற மாதங்கள் ஆகலாம். ஒவ்வோர் அமர்வுக்கு முன்னும் பின்னும் காலுறையைக் கழற்றித் தோலைப் பார்ப்பது குடும்பத்தின் வேலையாகவும் இருக்கட்டும்.

சமதளப் பட்டையும் சாட்ஸ்வர்த்தின் மேடும்

டிரெட்மில் பட்டை சமமானது, ஒரே வேகம் கொண்டது, வழியில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். சாட்ஸ்வர்த் அப்படி இல்லை. இனவாரியாக வசிப்பிடத்தைப் பிரித்த நிறவெறி ஆட்சியின் குழுப்பகுதிச் சட்டத்தின் பேரால் டர்பனின் பல பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர்களுக்காக 1960களில் மேடும் சரிவுமான நிலத்தில் எழுப்பிய ஊர் அது. சாலையிலிருந்து வீட்டுக்குப் படியிறங்க வேண்டிய வீடுகள் ஏராளம். சில படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. சரிவில் இறங்கும்போது முழங்காலைத் தாங்கும் தொடைத்தசை நீண்டபடியே வேலை செய்ய வேண்டும். சமதளப் பட்டை அதைப் பழக்குவதில்லை. மினிபஸ் டாக்சியில் ஏற உயரமான படி, குனிய வேண்டிய கதவு, பின்னால் அவசரப்படும் பயணிகள். இதற்கெல்லாம் ரோபோவில் பொத்தான் இல்லை.

வேகக் கணக்கும் இங்கே உதவும். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைவாக நடப்பவர் பெரும்பாலும் வீட்டோடு நிற்கிறார், 0.8ஐத் தாண்டியவர் வெளியே தாராளமாகப் போய்வருகிறார் என்று மறுவாழ்வுத் துறை நெடுநாளாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாலைக் கடவைகளுக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடப்படுவது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பல முதியவர்கள் நடுச்சாலையில் நிற்கிறார்கள்.

பணம். பெரிய நடைப்பயிற்சி ரோபோ ஒன்றின் விலை பல மில்லியன் ராண்ட். அந்தப் பணத்தை மீட்க மையங்கள் அமர்வுக்கு உயர்ந்த கட்டணம் வைக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பக்கவாதம் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்கள் பட்டியலில் இருப்பதால் சிகிச்சைக்குப் பணம் உண்டு. ரோபோ அமர்வும் அதற்குள் அடங்குமா என்பது வேறு கேள்வி. வாய்மொழி உறுதியை நம்பாமல் எழுத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். மற்ற ஐந்து பங்கினரும் நாடுவது அரசு மருத்துவமனைகளை. அங்கே தட்டுப்பாடு இயந்திரத்துக்கு முன்பே ஆள்களில் தொடங்குகிறது. படிப்பு முடித்த பிசியோதெரபிஸ்டுகள் ஓராண்டு சமூகப்பணி செய்ய வேண்டும் என்பதால், சில இடங்களில் நோயாளி ஒருவரிடம் பழகியவுடன் ஆண்டு முடிந்து அந்தப் பிசியோதெரபிஸ்ட் போய்விடுவார். இப்படிப்பட்ட இடத்தில் ஓர் இயந்திரத்தின் விலைக்கு இரண்டு மூன்று நிரந்தரப் பணியிடங்களைப் பல ஆண்டு நடத்தலாம் என்று ஒரு நிர்வாகி முடிவு செய்தால், அவரைப் பிற்போக்காளர் என்று நான் சொல்லமாட்டேன்.

லோட்-ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023இல் இருந்த கடுமையில் இப்போது இல்லை. எனினும் நடுப்பயிற்சியில் மின்சாரம் போனால் கச்சையில் தொங்குபவரை எப்படி இறக்குவார்கள் என்பது கேட்கக் கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல.

மையத்தில் கேட்க வேண்டியவை

சென்னையோ ஜோஹானஸ்பர்கோ டர்பனோ, பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இது எந்த வகை இயந்திரம்? இடுப்புக்குப் பக்கவாட்டு அசைவு உண்டா?
2. ஓர் அமர்வில் எத்தனை அடி? வாரத்துக்கு எத்தனை அமர்வு, எத்தனை வாரம்?
3. எடைத்தாங்கலையும் துணை வலிமையையும் வாரந்தோறும் எழுதி வைக்கிறீர்களா? அந்தத் தாளை எங்களுக்குக் காட்டுவீர்களா?
4. இயந்திரத்துக்கு வெளியே தரையில் நடை, படி, சரிவு, சமநிலைப் பயிற்சி எவ்வளவு நேரம்?
5. தொடக்கத்திலும் முடிவிலும் எதை அளப்பீர்கள்? பத்து மீட்டர் நடை வேகமா, 14 செயல்களுக்கு 56 மதிப்பெண் தரும் பெர்க் சமநிலை அளவா?
6. எந்த நிலை வந்தால் நிறுத்துவீர்கள்?

ஆறாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மையத்தை மற்ற ஐந்திலும் நம்பலாம். “தொடர்ந்து வாருங்கள், பார்க்கலாம்” என்பது பதில் இல்லை.

சென்னைப் பயணத்துக்குக் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. நான்கு வாரம் அங்கே பயிற்சி பெற்றுத் திரும்பும் நோயாளிக்கு இங்கே தொடர்ந்து பார்க்க யார் இருக்கிறார் என்பது விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும். அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுக்கும் பயிற்சித் திட்டம் இங்குள்ளவர் கைக்கு வர வேண்டும். முதல் மூன்று மாதத்தில் பயணத்துக்காகவே இரண்டு மூன்று வாரம் வீணானால் அது பெரிய இழப்பு. அந்த நாள்களில் உள்ளூரிலேயே தினமும் எழுந்து நின்று உட்காரும் பயிற்சி செய்திருந்தால் அதிகம் கிடைத்திருக்கும்.

முன்னேற்றத்தை வீட்டிலேயே அளக்கலாம். தாழ்வாரத்திலோ கார் நிறுத்தும் இடத்திலோ சமமான பத்து மீட்டரைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இரண்டு அடி முன்பே நடக்கத் தொடங்கி, இரண்டு அடி பின்னால் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் தாங்கத் தயாராக வரட்டும், ஆனால் பிடிக்க வேண்டாம். கைபேசிக் கடிகாரம் போதும். 25 நொடி எடுத்தால் நொடிக்கு 0.4 மீட்டர், பன்னிரண்டரை நொடி என்றால் 0.8. மாதம் ஒருமுறை, அதே தரையில், அதே செருப்போடு, அதே ஊன்றுகோலோடு நடக்கச் சொல்லி எண்ணைத் தேதியோடு எழுதி, அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.